வேன் வேண்டாம், இரண்டு பேர் போதும்

கேள்வி: அக்கா, போடி பக்கம் எங்கள் கிராமம். அப்பாவுக்கு 68 வயது. தோட்டத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மதுரை அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து நாலு நாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் பார்க்கப் போகலாம் என்று சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் கிளம்பி நிற்கிறார்கள். ஆறு மாத கர்ப்பமாக இருக்கும் என் மனைவியும் வருவேன் என்கிறாள். சுகர் உள்ள அம்மாதான் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்கிறார். வேண்டாம் என்றால் மனவருத்தம் வரும். டிஸ்சார்ஜ் ஆன பிறகு கட்டு மாற்றவும் மாத்திரை வாங்கவும் ஒவ்வொரு தடவையும் மதுரைக்குத்தான் ஓட வேண்டுமா?
– ஒரு வாசகர், தேனி மாவட்டம்

பதில்: தம்பி, வேனை நிறுத்திவிடுங்கள். அக்கா வேண்டாம் என்று எழுதிவிட்டார் என்றே சொல்லுங்கள். வருத்தம் என்மேல் வரட்டும்.

படுத்திருப்பவரைப் போய்ப் பார்க்காவிட்டால் நம் ஊரில் அது எத்தனை வருஷத்துப் பேச்சு என்று எனக்கும் தெரியும். என் அம்மா இதே மாதிரி ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது, சொந்தக்காரர் ஒருவர் இருமிக்கொண்டே வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மாவின் கையைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் பேசினார். மூன்றாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல், நெஞ்சுச் சளி. அவரால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எழுந்து நடக்கப் பழக வேண்டிய அந்த வாரம் முழுக்க அம்மா படுக்கையிலேயே கிடந்தார். வாசலிலேயே "இப்போ வேண்டாம் மாமா" என்று சொல்லாமல் விட்டேனே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

பாஸ் இருக்கிற இரண்டு பேர் போய் வந்தால் போதும். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. வயிற்றுப்போக்கு இருந்தவர் அது நின்று இரண்டு நாளாவது ஆன பிறகு போகலாம். குழந்தைகளைக் கூட்டிப் போக வேண்டாம். உங்கள் மனைவியும் இப்போது போக வேண்டாம். அம்மை மாதிரி சில தொற்றுகள் வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கும். தினமும் சாயங்காலம் வீடியோ காலில் மருமகள் முகத்தைப் பார்த்தாலே மாமனாருக்குத் தெம்பு வரும்.

எனக்குப் பெரிய கவலை உங்கள் அம்மாவைப் பற்றித்தான். கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துப் படுத்து, காலையில் அங்கேயே டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிடுவார். சுகர் உள்ளவர்களுக்குத் தொற்று வந்தால் லேசில் விடாது. இரவுக்கு நீங்களோ வீட்டில் வேறு ஒருவரோ மாறிக்கொள்ளுங்கள். அவர் பையில் ஒரு சோப்பு போட்டு அனுப்புங்கள். அப்பாவைத் தொடுவதற்கு முன்னும் பின்னும், சாப்பிடும் முன்னும், நகக்கண், விரலிடுக்கு எல்லாம் தேய்த்து 20 விநாடி கழுவட்டும். கையில் தடவும் ஜெல் நல்லதுதான், ஆனால் வயிற்றுப்போக்குக் கிருமிகள் சிலவற்றுக்கு அது போதாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். அப்பாவுக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது அந்தப் பையைத் தூக்கி வயிற்றின் மேல் வைப்பார்கள். வைக்கவே கூடாது, உள்ளே வடிந்தது திரும்ப ஏறிவிடும். எப்போதும் இடுப்புக்குக் கீழேயே தொங்கட்டும். குழாயை எப்போது எடுப்பார்கள் என்று சிஸ்டரிடம் தினமும் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

சரி, இரண்டாவது கேள்வி. ஒவ்வொரு தடவையும் மதுரைக்கு ஓடத் தேவையில்லை. பெரிய ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் காத்துக் கிடக்கும் நாள் குறையக் குறைய அப்பாவுக்கு நல்லது. டிஸ்சார்ஜ் அன்றைக்கு அவசரப்பட்டுக் கிளம்பிவிடாதீர்கள். தையல் பிரிக்கும் தேதி, எந்த மாத்திரை எத்தனை நாள், காலை எவ்வளவு ஊன்றலாம், எல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்ரே படங்களையும் கேட்டு வாங்குங்கள். கட்டு மாற்றுவது, தையல் பிரிப்பது இதையெல்லாம் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ போடி ஜி.எச்.சிலோ செய்துகொள்ளலாமா என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கேளுங்கள். சரி என்றால் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த எலும்புப் பரிசோதனைக்கு க.விலக்கில் தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. உங்களுக்கு மதுரையின் பாதி தூரம்கூட இல்லை. முதல் செக்கப்புக்கு மட்டும் இங்கேதான் வர வேண்டும் என்று மதுரை டாக்டர் சொன்னால், மறுக்காமல் போய் வாருங்கள்.

அப்புறம், 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் உங்கள் வீட்டுக்கென்றே வந்த மாதிரி. அம்மாவுக்கு சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள், அப்பாவுக்கு நடைப் பயிற்சிக்கு பிசியோதெரபிஸ்ட் வருவார். யாரிடம் சொல்வது என்று அலைய வேண்டாம். உங்கள் மனைவியின் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கியபோது ஒரு நர்ஸைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கிராம சுகாதார செவிலியரிடம் அப்பா, அம்மா பெயரையும் கொடுத்துவிடுங்கள். பாதி ராத்திரியில் சந்தேகம் வந்தால் 104-க்கு போன் செய்து கேட்கலாம்.

காயம் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் அப்படித்தான், ரத்தம் உறைந்திருக்கலாம், எண்ணெய் தேய்த்து நீவிவிடவே கூடாது. திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். காசு கிடையாது.

வேனுக்கு எடுத்து வைத்த பணத்தில், நடக்கப் பிடித்துக்கொள்ள ஒரு வாக்கரும், உட்கார்ந்து போகிற மாதிரி ஒரு கழிப்பறை நாற்காலியும் வாங்கி, அப்பா வருவதற்கு முன்னாலேயே வீட்டில் போட்டு வையுங்கள். இனி கொஞ்ச மாதத்துக்கு அவர் குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது. வேனில் வர இருந்தவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுப்பார்கள்.