எட்டு போட்டாச்சு, பூஜ்யம் போடத் தெரியுமா?

வாசகர் கேள்வி – பதில்: தில்லி ரவுண்டானாக்கள்

சிக்னல் இல்லாத ரவுண்டானா. நான் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துச் சாலையிலிருந்து பெரிய கார் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே நுழைகிறது. நான் நிற்பதா, போவதா? உரிமை யாருக்கு?
– வாசகர், ஆர்.கே. புரம்

உரிமை உங்களுக்கு. நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ரவுண்டானாவைக் கடிகார முள் போகிற திசையில் சுற்றுகிறோம். அதனால் நுழைய வருகிறவருக்கு, உள்ளே இருக்கிற வண்டி எப்போதும் வலப்பக்கத்திலிருந்துதான் வரும். முக்கியச் சாலை என்று குறிக்கப்படாத சந்திப்பில் வலப்பக்கம் வருகிறவருக்கு வழி விட வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு சாலை விதிகளே சொல்லிவிட்டன. அவற்றுக்குப் பதிலாக 2017இல் வந்த ஒழுங்குமுறைகளும் உள்ளே சுற்றுகிறவர் பக்கம்தான். வண்டியின் விலையோ முன்கண்ணாடி ஸ்டிக்கரோ இந்தக் கணக்கில் சேராது.

அந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். நுழைகிறவருக்காக நீங்கள் நின்றுவிடுகிறீர்கள். உங்களுக்குப் பின்னால் நிற்கிற மூன்று வண்டிகள் முந்தைய சாலையின் வாயை அடைக்கின்றன. அந்த வழியாக வெளியே போக வேண்டியவர் மாட்டிக்கொள்கிறார். அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் அதற்கு முந்தைய வாயை அடைக்கிறார்கள். நாலு வாயும் இப்படி அடைபட்டதும் சக்கரம் பூட்டிக்கொள்கிறது. வெளியே போகிறவர் போனால்தான் உள்ளே இடம் வரும், ஆனால் உள்ளே நுழைந்தவரே வெளியேறும் வழியில் நிற்கிறார். மாலை ஆறரை மணிக்கு டிராஃபிக் போலீஸ்காரர் வந்து ஒரு வாயைக் கையால் மறித்து, வெளியேறுகிறவர்களை முதலில் விடுவது இந்தப் பூட்டைத் திறக்கத்தான். பிரிட்டனில் உள்ளே இருப்பவருக்கே முதல் வழி என்ற விதி 1966இல்தான் வந்தது. பாரீஸில் வெற்றி வளைவைச் சுற்றியுள்ள பெரிய வட்டத்தில் இன்றும் நுழைகிறவருக்கே முதலிடம். அந்த வட்டத்தின் நெரிசல் உலகப் பிரசித்தம்.

சாலையில் செய்ய வேண்டியது இது. யாராவது மூக்கை நுழைத்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், பிரேக் மேல் வையுங்கள். மோதாத அளவுக்கு வேகம் குறைந்தால் போதும். முழுசாக நிறுத்தி, கையைக் காட்டி "நீங்க போங்க" என்று பெருந்தன்மை காட்ட வேண்டாம். உங்கள் தயவில் ஒருவர் நுழைவார், பின்னால் வருகிற ஒருவர் உங்கள் பம்பரில் நுழைவார்.

கோவையில் லைசென்ஸ் எடுத்தேன். தில்லி வந்து ஆறு மாதம் ஆகிறது. எந்த லேன், எந்த இண்டிகேட்டர், எப்போது என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்லுங்களேன்.
– வாசகி, மயூர் விஹார்

எட்டு போடச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பூஜ்யம் போட யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை!

ஐம்பது மீட்டர் முன்னாலேயே லேனைத் தேர்ந்து, இரண்டாம் கியருக்கு வந்து, வேகத்தை 20–25 கி.மீ.க்குக் குறைத்துவிடுங்கள். முதல் வாயிலேயே இடப்பக்கம் திரும்புவதானால் இடது லேன், இடது இண்டிகேட்டர், வெளியேறும்வரை அப்படியே. நேராகப் போவதானால் இடது லேன்தான், ஆனால் நுழையும்போது இண்டிகேட்டர் வேண்டாம். நீங்கள் வெளியேற வேண்டிய வாய்க்கு முந்தைய வாயைத் தாண்டிய நொடியில் இடது இண்டிகேட்டர் போடுங்கள். அதற்கு முன்னாலேயே போட்டால், அந்த முந்தைய வாயில் நீங்கள் வெளியேறப் போவதாக நம்பி அங்கே காத்திருப்பவர் கிளம்பிவிடுவார்.

வலப்பக்கம் திரும்பவோ யூ-டர்ன் எடுக்கவோ வேண்டுமென்றால் வலது லேன், வலது இண்டிகேட்டர், நடுத்தீவை ஒட்டிச் சுற்ற வேண்டும். முந்தைய வாயைத் தாண்டும்போது இடது கண்ணாடியைப் பாருங்கள், இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை பாருங்கள் (பைக் அங்கேதான் இருக்கும்), இடது இண்டிகேட்டர் போட்டு, ஒரு லேன் மாறி வெளியேறுங்கள். தீவை ஒட்டி இருந்தவர் கடைசி நொடியில் மூன்று லேனைக் குறுக்கே வெட்டி வெளியே பாய்வதுதான் தில்லி ரவுண்டானாக்களில் கார்க் கதவுகள் நசுங்குவதற்குப் பெரிய காரணம்.

ஒரு நுணுக்கம். வலது இண்டிகேட்டரோடு வருகிறீர்கள். ஆனால் ரவுண்டானாவில் நுழைய ஸ்டியரிங்கை முதலில் இடப்பக்கம்தான் ஒடிக்க வேண்டும். உடனே இண்டிகேட்டர் 'டிக்' என்று தானாக அணைந்துவிடும், ஏனென்றால் எதிர்த்திசையில் ஸ்டியரிங் திரும்பினால் அதை அணைக்கிற மாதிரிதான் அந்த அமைப்பே இருக்கிறது. நீங்கள் போட்டதாக நினைத்துக்கொண்டே சுற்றுவீர்கள். நுழைந்ததும் மறுபடி தட்டிவிடுங்கள். வெளியேறும் வளைவு லேசாக இருந்தால் இதற்கு நேர்மாறு: இடது இண்டிகேட்டர் அணையாமல் அடுத்த சாலை முழுக்கச் சிமிட்டும். அதைக் கையால் அணைக்க வேண்டும்.

வாய் தவறிப்போனால் இன்னொரு சுற்று சுற்றுங்கள். பின்னோக்கி எடுக்காதீர்கள். எத்தனை தடவை சுற்றினாலும் ரவுண்டானா கோபித்துக்கொள்ளாது.

நேராகப் போகிறேன் என்று காட்ட நாலு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடுவது சரிதானே? எங்கள் டிரைவர் அப்படித்தான் செய்கிறார்.
– வாசகர், கரோல் பாக்

தவறு. அது 'வண்டி நின்றுவிட்டது, விலகிப் போ' என்று சொல்கிற விளக்கு. பக்கவாட்டிலிருந்து பார்க்கிறவருக்கு உங்கள் வண்டியின் ஒரு பக்க விளக்குதான் தெரியும், நீங்கள் அந்தப் பக்கம் திரும்புவதாகவே எடுத்துக்கொள்வார். ஜனவரிப் பனிமூட்டத்திலும் இதே கதைதான். ஓடுகிற வண்டியில் நாலும் சிமிட்டினால், நின்ற வண்டிக்கும் ஓடும் வண்டிக்கும் பின்னால் வருகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. லோ பீம் போட்டு மெதுவாகப் போவதே போதும்.

நுழையக் காத்திருக்கிறேன், பின்னால் பத்து வண்டி ஹார்ன். எவ்வளவு இடைவெளி இருந்தால் நுழையலாம்?
– வாசகி, ஜனக்புரி

நாலிலிருந்து ஐந்து நொடி. உள்ளே 30 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டி நொடிக்கு எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஓடும். ஆகவே வலப்பக்கம் 35–40 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். காரின் நீளம் நாலு மீட்டர் என்றால் ஒன்பது, பத்து கார் நீளம். ஆள் நிறைந்த காருக்கும் ஆட்டோவுக்கும் ஆறு நொடி வைத்துக்கொள்ளுங்கள், கிளம்பவே நேரம் எடுக்கும்.

முன்கண்ணாடிக்கு வலப்பக்கம் இருக்கிற தூண் ஒரு ஸ்கூட்டரை முழுசாக மறைத்துவிடும். அந்த ஸ்கூட்டர் வளைவில் உங்களை நோக்கி வரும்போது தூணும் அதுவும் ஒரே கோட்டில் நகரலாம், பல நொடிகள் கண்ணில் படாமலே வரலாம். கிளம்புவதற்கு முன் உடம்பை ஒரு சாண் முன்னால் சாய்த்துப் பின்னால் வந்து பாருங்கள். முன்னால் நிற்கிற வண்டி கிளம்பிவிட்டது என்று நம்பி வலப்பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டே பெடலை மிதிக்காதீர்கள். அவர் பாதியில் மனசு மாறி நின்றிருப்பார். ரவுண்டானா வாயில் பின்பக்க மோதல்கள் பெரும்பாலும் இப்படித்தான்.

ஹார்ன் அடிக்கிறவர்களைப் பற்றி: தேவையில்லாமல் விடாமல் அடிப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப் பிரிவின்படி முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000 ரூபாய் அபராதம். ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். கண்ணாடியை ஏற்றிவிட்டு உங்கள் ஐந்து நொடிக்குக் காத்திருங்கள்.

ஸ்கூட்டியில் போகிறேன். டிடிசி பஸ் பக்கத்தில் வந்தால் எங்கே இருப்பது பத்திரம்?
– வாசகி, லோதி காலனி

பஸ்ஸின் பக்கவாட்டில் எங்கேயும் இல்லை. பின்னால் இருங்கள்.

பன்னிரண்டு மீட்டர் பஸ் வளையும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்வாங்கி வரும். ரவுண்டானாவைச் சுற்றும்போது பின்சக்கரம் நடுத்தீவை நோக்கி ஒதுங்கும். தீவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இருந்த ஸ்கூட்டருக்கு அந்த இடம் சுருங்கிக்கொண்டே வரும். வெளியேறும்போது எதிர்ப்பக்கம்: பின்சக்கரம் இடது நடைபாதை விளிம்பை நோக்கி வரும். 'பஸ் வெளிப்பக்கமாகத்தானே போகிறது, இடப்பக்கம் இடம் இருக்கிறதே' என்று நுழைகிற இடைவெளி அதுதான், அது மூடப்போகிற இடைவெளி. பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை.

நடுத்தீவின் விளிம்பில் மண்ணும் சருகும் எண்ணெயும் சேரும். வெளியேறும் வளைவில் முன் பிரேக்கை மட்டும் பிடிக்காதீர்கள். வேகத்தை நுழைவதற்கு முன்பே குறைத்துவிட்டால் வளைவில் பிரேக்கே தேவைப்படாது.

ரவுண்டானாவுக்குள் இருக்கும்போது பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால்?
– வாசகர், பீதம்புரா

உள்ளே நிற்காதீர்கள். அடுத்த வாயில் வெளியேறி, இருபது முப்பது மீட்டர் போய், இடப்பக்கம் ஒதுங்குங்கள். உங்கள் வழி அது இல்லையென்றாலும் பரவாயில்லை. நுழையக் காத்திருந்தால் நுழைய வேண்டாம். வழி விடாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ என்று 194ஈ பிரிவு சொல்கிறது.

மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்து ரவுண்டானாவில் ஈ-ரிக்‌ஷாக்கள் வெளியேறும் வாயிலேயே வரிசையாக நிற்கின்றன. சுற்றிவரச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் வருகிறவர்களும் உண்டு. யாரிடம் சொல்வது?
– வாசகர், மயூர் விஹார்

வெளியேறும் வாய் அடைபட்டால் முழு வட்டமும் நின்றுவிடும் என்று முதல் பதிலில் பார்த்தோம். இரண்டு ஈ-ரிக்‌ஷா போதும் அதற்கு. நெரிசலுக்குத் தில்லி டிராஃபிக் போலீஸின் 1095, விபத்தென்றால் 112. மீறலைப் படத்தோடு புகார் செய்ய 'டிராஃபிக் பிரஹரி' செயலி இருக்கிறது. நம்பர் பிளேட்டும், மீறல் என்ன என்பதும் ஒரே படத்துக்குள் தெரிய வேண்டும். எதிர்த்திசை ஓட்டத்துக்குப் பின்னணியில் தீவும் மற்ற வண்டிகளின் திசையும் தெரியும்படி ஐந்தாறு நொடி வீடியோவாகவே எடுங்கள், வெறும் போட்டோவில் திசை தெரியாது. போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் ஓட்டுவது 184ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதல்: முதல் தடவை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ. ஓட்டிக்கொண்டே போனைக் கையில் பிடிப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. ஆகவே படம் எடுப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை.

எங்கள் காலனியில் சின்ன வட்டம். சுற்றிலும் கார் நிறுத்திவிடுகிறார்கள், வருகிறவர்கள் வேகம் குறைப்பதில்லை. நாங்களே காசு போட்டு ஸ்பீட் பிரேக்கர் கட்டலாமா?
– குடியிருப்போர் சங்கம், மேற்கு தில்லி

கட்டாதீர்கள். சாலைகளுக்கு அளவு வகுக்கிற அமைப்பான இந்திய சாலை காங்கிரஸின் கணக்குப்படி மேடு 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்த முதுகு. 25 கி.மீ. வேகத்தில் வந்தால் உறுத்தாமல் ஏறி இறங்கும். சங்கங்கள் கட்டுவது ஒரு அடி அகலத்தில் அதே 10 செ.மீ. உயரம். அது காரின் அடிவயிற்றையும் முதியவர்களின் முதுகெலும்பையும் பதம் பார்க்கும், பைக்காரரோ ஓரத்து இடுக்கில் புகுந்து அதே வேகத்தில் போவார்.

முதலில் சாலை யாருடையது என்று பாருங்கள். அறுபது அடியும் அதற்கு மேலும் அகலமானவை பொதுப்பணித் துறையிடம், அதற்குக் கீழே மாநகராட்சியிடம், புது தில்லிப் பகுதி என்.டி.எம்.சி. என்கிற புது தில்லி நகராட்சி மன்றத்திடம். தப்பான அலுவலகத்துக்கு எழுதினால் கடிதமும் ரவுண்டானா சுற்றும். மனுவில் மூன்றைக் கேளுங்கள்: ஒவ்வொரு வாயிலும் 'வழி விடு' பலகையும் தரையில் விட்டு விட்டுப் போட்ட வெள்ளைக் கோடும், வாய்களில் நிறுத்தத் தடை, அளவுப்படி மேடு. காலனிக்குள் 30 கி.மீ.தான் வரம்பு. அதற்கான பலகை இல்லையென்றால் அதையும் சேருங்கள்.

பேசாமல் எல்லா ரவுண்டானாவையும் இடித்துவிட்டு சிக்னல் போட்டால் என்ன?
– வாசகர், துவாரகா

சில இடத்தில் சரி, எல்லா இடத்திலும் இல்லை. இந்திய சாலை காங்கிரஸின் 1976 வழிகாட்டி, எல்லாச் சாலைகளும் சேர்த்து மணிக்குச் சுமார் 3,000 வண்டி வரைதான் ரவுண்டானா தாங்கும் என்றது. 1931இல் திறந்துவைக்கப்பட்ட புது தில்லியின் வட்டங்கள் இன்றைய கூட்டத்துக்குப் போட்டவை அல்ல. வட்டம் பெரிசாக இருப்பதில் லாபம் உண்டு: உள்ளே வருகிறவரும் வெளியே போகிறவரும் முடி பின்னுவதுபோல இடம் மாறிக்கொள்ள நீளம் கிடைக்கும். நஷ்டம், நீளம் கிடைத்தால் வேகமும் கூடும்.

மொத்தக் கூட்டத்தைவிட அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதுதான் ரவுண்டானாவைக் கொல்கிறது. ஒரு சாலையிலிருந்து மட்டும் இடைவிடாமல் வந்தால், அடுத்த சாலைக்காரருக்கு அந்த ஐந்து நொடி கிடைக்கவே கிடைக்காது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து அவர் முட்டிக்கொண்டு நுழைவார், பூட்டு விழும். இதற்கு வட்டத்தை இடிக்கத் தேவையில்லை. காலை, மாலை நெரிசல் நேரத்தில் அந்த ஒரு சாலைக்கு மட்டும் சிக்னல் வைத்து அவ்வப்போது நிறுத்திவிட்டால் மற்றவர்களுக்கு இடைவெளி பிறக்கும்.

சிக்னல் வைத்த ரவுண்டானாவில் விளக்கு சொல்வதே விதி. இரவில் அது மஞ்சளில் சிமிட்டினால் பழைய விதி திரும்பிவிடுகிறது: வேகம் குறை, வலப்பக்கம் வருகிறவருக்கு வழி விடு. சிவப்பில் சிமிட்டினால் முழுசாக நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

நான் வண்டி ஓட்டுவதே இல்லை. தினமும் ரவுண்டானாவை நடந்து கடக்கிறேன். எனக்கு ஏதாவது?
– வாசகி, கோல் மார்க்கெட்

நுழையக் காத்திருக்கிற டிரைவரின் தலை வலப்பக்கம் திரும்பியிருக்கும். அவருக்கு இடப்பக்கம் நடைபாதையிலிருந்து இறங்குகிற நீங்கள் அவர் கண்ணில் இல்லவே இல்லை. அவர் முகம் உங்கள் பக்கம் திரும்பும்வரை முன்னால் காலை வைக்காதீர்கள். இல்லையென்றால் வரிசையில் முதலில் நிற்கும் வண்டிக்குப் பின்னால், அதற்கும் இரண்டாவது வண்டிக்கும் நடுவில் கடந்துவிடுங்கள், இரண்டாவது வண்டிக்காரர் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கப்பால் பைக் ஏதும் வருகிறதா என்று ஒரு நொடி எட்டிப் பாருங்கள். நடுத்தீவு வழியாகக் குறுக்கே போக வேண்டாம், அங்கே புல்தரை எவ்வளவு அழகாக இருந்தாலும்.