கேஸ் கட்டும் பீஸ் பாக்கியும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சீனியர் ஆபீஸிலிருந்து வெளியே வந்து தாலுகா கோர்ட்டில் தனியாக பிராக்டிஸ் செய்கிறேன். குமாஸ்தா கிடையாது, எல்லாம் நானேதான். கேஸ் வருகிறது, பீஸ்தான் வருவதில்லை. பாகப்பிரிவினை வழக்கு ஒன்றை சாட்சி விசாரணை வரை கொண்டுவந்துவிட்டேன், பாதி பீஸ் பாக்கி. கட்சிக்காரர் இப்போது வேறு வக்கீலிடம் போகிறாராம், கேஸ் கட்டைக் கேட்கிறார். பாக்கியைத் தீர்த்தால்தான் கட்டு என்று சொல்லலாமா ஐயா? (பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்)

பதில்: சொல்லக் கூடாது தம்பி. மத்தியப் பிரதேசத்தில் ஒரு வக்கீல், மாநிலக் கூட்டுறவு வங்கி தனக்கு 97,100 ரூபாய் தர வேண்டும் என்று கட்டுகளைப் பிடித்து வைத்துக்கொண்டார். விவகாரம் வக்கீல்களின் ஒழுங்கைக் கவனிக்கும் பார் கவுன்சிலுக்குப் போய், 18 மாதம் தொழில் செய்யத் தடை, அபராதம் வேறு. 2000-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையைக் கண்டனமாகக் குறைத்ததே தவிர, பீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் ஆவணப் பட்டியல் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள்.

கொடுத்துவிட்டால் பாக்கி போயிற்று என்று அர்த்தமில்லை. 1926-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் கட்டணச் சட்டப்படி நீங்கள் பீஸுக்கு வழக்கே போடலாம், மூன்று வருடத்துக்குள். எந்த வாய்தாவில் என்ன நடந்தது என்பது கோர்ட்டுகளின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் இருக்கிறது, உங்கள் உழைப்புக்கு அதுவே சாட்சி. ஆனால் சின்ன ஊரில் சொந்தக் கட்சிக்காரர் மேல் கேஸ் போட்ட வக்கீல் என்ற பேச்சு பரவினால் அடுத்த கட்சிக்காரர் படியேற யோசிப்பார், எனவே முதலில் ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். மிரட்டலாக வேண்டாம், கணக்காக இருக்கட்டும்.

உங்கள் கோளாறு பாக்கியில் இல்லை, வக்காலத்தில் கையெழுத்து வாங்கிய அன்று இருக்கிறது. அன்றைக்கு என்ன பேசினீர்கள்? 'பார்த்துக்கலாம் சார்' என்று அவர் சொல்ல நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். இனிமேல் அந்த மேஜையிலேயே பேசி முடித்துவிடுங்கள், ஒரு தாளில் தமிழிலேயே எழுதுங்கள், கையெழுத்தான தாளை அவர் வாட்ஸ்அப்புக்கும் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். மொத்தமாக ஒரு தொகை சொல்வதைவிடப் பிரித்துச் சொல்வது நல்லது: பிராது தாக்கலுக்கு இவ்வளவு, விசாரணை தொடங்கும்போது இவ்வளவு, வாதத்துக்கு முன் இவ்வளவு. இடைக்கால மனு வந்தால் அதற்குத் தனி. தீர்ப்பு வந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று எதையும் பெரிதாக விட்டுவைக்காதீர்கள், ஜெயித்தவர் மறந்துவிடுவார், தோற்றவர் போனை எடுக்க மாட்டார்.

அப்புறம், செலவையும் பீஸையும் கலக்கவே கூடாது. கட்சிக்காரர் பத்தாயிரம் கொடுப்பார். கோர்ட் பீஸ், சம்மன் பேட்டா, டைப்பிங், ஜெராக்ஸ், இடத்தைப் பார்த்து அறிக்கை தர கோர்ட் கமிஷனர் போட்டால் அவருக்கான தொகை என்று ஆறாயிரம் போய்விடும். அவர் கணக்கிலோ வக்கீலுக்குப் பத்தாயிரம் கொடுத்தாயிற்று! வாங்கும்போதே 'செலவுக்கு', 'பீஸுக்கு' என்று ரசீதில் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். ஜிபேயில் வந்தாலும் ரசீது கொடுங்கள். கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. வழக்கு முடிந்தபின் செலவுப் பணத்தில் மிச்சமிருந்தால், பேசி முடித்த பீஸில் அதைக் கழித்துக்கொள்ளவும் அந்த விதிகள் இடம் தருகின்றன. கணக்கே இல்லையென்றால் எதைக் கழிப்பீர்கள்?

கேள்வி: விபத்து இழப்பீட்டு வழக்கில் கிடைக்கும் தொகையில் சதவீதம் பேசி பின்தேதியிட்ட செக் வாங்கி வைக்கலாமா? எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். (வாசகி, மதுரை)

பதில்: செய்கிறார்கள், தெரியும். ஆனால் பார் கவுன்சில் விதி 20 அதைத் தடுக்கிறது. தெலங்கானாவில் விபத்தில் கணவரை இழந்த பெண்மணியிடம் வக்கீல் வாங்கிய செக் திரும்பிவர, அந்த வக்கீல் செக் பவுன்ஸுக்கான 138-ஆவது பிரிவில் புகார் கொடுத்தார். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் புகாரையே ரத்து செய்துவிட்டது, இழப்பீட்டில் சதவீதம் கேட்பது பொதுக்கொள்கைக்கு விரோதம் என்று. வேலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பேசுங்கள். அவரால் இப்போது முடியாதென்றால் தவணை போடுங்கள்.

கேள்வி: சொந்தக்காரர்களிடம் பீஸ் கேட்பது எப்படி? (வாசகர், தேனி)

பதில்: கொடுக்க வசதியுள்ளவரிடம், கோர்ட் விதிப்படியான பீஸுக்குக் குறைவாக வாங்கக் கூடாது என்று விதி 38 இருக்கிறது. 'நான் என்ன பண்ணுவது மாமா, பார் கவுன்சில் விடமாட்டேங்குது' என்று சொல்லிப் பாருங்கள். குறைந்தபட்சம் கோர்ட் பீஸையாவது அவர் கையாலேயே கட்டச் சொல்லுங்கள். சொந்த மாமனார் என்றால் என்னிடம் பதில் இல்லை.