சம்பளமும் ஒரு முதல்தான்: கடன் வாங்கிப் படிக்கலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. சென்னையில் தலைமை அலுவலகம் உள்ள ஓர் உற்பத்தி நிறுவனத்தின் ஐ.டி. பிரிவில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். கம்பெனியின் கணக்கு, சரக்கு எல்லாம் ஓடும் எஸ்.ஏ.பி. மென்பொருளில், அதற்கான அபாப் மொழியில் புரோகிராம் எழுதுவதுதான் வேலை. 2020 ஊரடங்கில் காரைக்குடிக்கு வந்தவன், அப்பச்சி, ஆத்தாவோடு (அப்பா, அம்மா) இங்கேயே தங்கி வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 92,000. அதில் அடிப்படைச் சம்பளம் 48,000. வீட்டுச் செலவு 58,000, கார் கடன் தவணை 11,500. வங்கி டெபாசிட் 4 லட்சம், சேமிப்புக் கணக்கில் 1.1 லட்சம் இருக்கிறது. மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கம்பெனி புதிய எஸ்.ஏ.பி.க்கு மாறப்போகிறது. பராமரிப்பு வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிடுவார்கள் என்றும் பேச்சு அடிபடுகிறது. பயத்தில் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பு ஒன்றை விசாரித்தேன். கட்டணம் 3,60,000. 14 சதவீத வட்டியில் 24 மாதத் தவணை தருகிறார்கள். இடம் பிடிக்க 5,000 கட்டிவிட்டேன். 'அந்தப் பணத்துக்கு மகள் பேரில் தங்கம் வாங்கலாம்' என்கிறார் மனைவி. என்ன செய்யலாம்?

– வாசகர், காரைக்குடி

பதில்: கடன் வாங்க வேண்டாம். தங்கமும் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் உங்கள் பயம் நியாயமானது. அதனால் 'சும்மா இருங்கள், எல்லாம் சரியாகிவிடும்' என்று நான் சொல்ல மாட்டேன்.

முதலில் ஒரு கணக்கு. 92,000 என்பது ஆண்டுக்கு 11.04 லட்சம். 58 வயது வரை இன்னும் 15 ஆண்டு. சம்பள உயர்வே இல்லை என்று வைத்தாலும் 1.65 கோடிக்கு மேல் வருகிறது. உங்களிடம் உள்ள டெபாசிட், கார், பூர்வீகப் பங்கு வீட்டில் உங்கள் பாகம் எல்லாவற்றையும் கூட்டினாலும் இந்தத் தொகைக்குப் பக்கத்தில் வருமா என்பது சந்தேகம். உங்கள் ஐயா (தாத்தா) காலத்துப் பெரியவர்கள் ஐந்தொகை, அதாவது சொத்து-கடன் கணக்கு போட்டுப் பார்த்திருந்தால், இந்தச் சம்பாதிக்கும் திறனைத்தான் முதல் வரியில் எழுதியிருப்பார்கள். அதைப் பராமரிக்கச் செலவு செய்வது வீண் இல்லை. எங்கே, எவ்வளவு செய்கிறோம் என்பதில்தான் விஷயம்.

செட்டிநாட்டில் இருந்து எழுதுகிறீர்கள் என்பதால் பர்மாவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கீழ் பர்மாவில் நம் ஊர்ச் செட்டியார்களின் தொழில் கடன் கொடுப்பது. நிலம் வாங்குவது அவர்கள் நோக்கமே இல்லை. 1930-ல் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்பிக் கட்ட முடியாதவர்களின் வயல்கள் வேறு வழியில்லாமல் கைக்கு வந்தன. 1930-களின் கடைசியில் அங்குள்ள முக்கிய நெல் மாவட்டங்களின் விளைநிலத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு செட்டியார்கள் பெயரில் இருந்தது. 1942-ல் ஜப்பானியப் படை வந்ததும் போட்டது போட்டபடி கிளம்ப வேண்டியதாயிற்று. வட்டிக்குக் கொடுத்ததால் வந்த வினை என்று இதைச் சுருக்கிவிடுவார்கள். என் பார்வையில், முதல் முழுவதும் ஒரே மண்ணில் முடங்கியதுதான் பெரிய அடி. அதே காலத்தில் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது, 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று இடத்திலும் ஒரே நாளில் கதவு திறந்தது. ரங்கூன் கைவிட்டுப் போனாலும் மற்ற இரண்டு இருந்தன.

உங்கள் நிலைமையைப் பாருங்கள். சம்பளம், பெற்றோர் உட்பட மொத்தக் குடும்பத்துக்கும் மருத்துவக் காப்பீடு, நாளைக்கு வரவேண்டிய கிராஜுவிட்டி (பணிக்கொடை), இது எல்லாம் ஒரே கம்பெனியிடம். பி.எஃப். மட்டும் தனியே, பத்திரமாக இருக்கிறது. 14 ஆண்டு எழுதிய புரோகிராம்கள்கூட அந்தக் கம்பெனிக்குள் மட்டுமே செல்லும் காசு. இதில் மாதம் 17,285 ரூபாய் தவணையையும் ஏற்றினால் என்ன ஆகும்? இப்போது செலவு போக மிஞ்சுவது 22,500. தவணை போனால் 5,200 சொச்சம்தான் நிற்கும். படிப்பு முடியும் முன்பே வேலை போனாலும் கடன் போகாது. பாதியில் நிறுத்தினாலும் கடன் கொடுத்தவர் கேட்பார், ஏனென்றால் பணம் ஏற்கெனவே பயிற்சி நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். 'கல்விக் கடன் வட்டிக்கு வரிச் சலுகை உண்டு' என்று விற்பனையாளர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு, அதுவும் அங்கீகாரம் பெற்ற உயர்கல்விக்கு.

இதைவிட முக்கியமாக, அந்தப் படிப்பு உங்களை எங்கே கொண்டுபோய் விடும்? 45 வயதில், 24 வயதுப் பிள்ளைகளோடு அதே வரிசையில், அவர்களைப் போலவே அனுபவமில்லாமல் நிற்க வைக்கும். உங்களுக்கு இருக்கும் 14 ஆண்டு அனுபவத்துக்கு அந்த வரிசையில் மதிப்பெண் கிடையாது.

நான் வங்கியில் இருந்தபோது பேரேட்டிலிருந்து கணினிக்கு மாறினோம். அவசரமாகக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துச் சான்றிதழோடு வந்தவர்கள் பலர். ஆனால் மாறிய முதல் மூன்று மாதமும் எல்லோரும் தேடிப் போனது, 'இந்தத் தொகை ஏன் இடிக்கிறது' என்று பழைய பேரேட்டைப் பார்த்தே சொல்லக்கூடிய ஒரு சீனியர் கிளார்க்கை. அவர் தட்டச்சுகூட ஒற்றை விரலில்தான் அடிப்பார். அவரே பிறகு கிளை கிளையாகப் போய் மாற்றத்தை முடித்துக் கொடுத்தார்.

இப்போது உங்கள் கம்பெனிக்குத் தேவைப்படுவதும் அந்த மாதிரி ஆள்தான். எஸ்.ஏ.பி.யின் பழைய ஈ.சி.சி. பதிப்புக்கு வழக்கமான பராமரிப்பு 2027 கடைசி வரைதான் என்று எஸ்.ஏ.பி. நிறுவனமே சொல்லிவிட்டது. கூடுதல் கட்டணம் கட்டினால் 2030 வரை ஓட்டலாம். புதிய பதிப்பான எஸ்/4 ஹானாவில் கணக்குப் பதிவுகளின் அமைப்பே வேறு. இத்தனை வருடம் நீங்கள் எழுதிக் குவித்த, உங்கள் கம்பெனிக்கென்றே ஆன இசட் புரோகிராம்களில் எதைத் தூக்கிப் போடலாம், எது இல்லாவிட்டால் மாதக் கடைசியில் கணக்கு முடியாது, ஜி.எஸ்.டி. ஒப்பீட்டில் எந்த இடத்தில் உதைக்கும் என்பது வெளியிலிருந்து வரும் நிறுவனத்துக்குத் தெரியாது. இந்த மாற்றத் திட்டக் குழுவில் இடம் கேளுங்கள். எழுத்தில், மேலாளருக்கு மின்னஞ்சலாகவே கேளுங்கள். கம்பெனி தன் செலவில் கற்றுக்கொடுக்கும் படிப்பு அது. முடிந்த பின், எஸ்/4 மாற்றத்தைக் கையில் செய்து பார்த்தவர் என்று எந்த ஊரிலும் சொல்லிக்கொள்ளலாம்.

படிக்க வேண்டியதும் இதை ஒட்டியே இருக்கட்டும். புதிய அபாப் எழுதும் முறை, சி.டி.எஸ். வியூ (தரவை எடுத்துத் தரும் முறை), ஃபியோரி (புதிய திரை வடிவம்), இவற்றுக்கு எஸ்.ஏ.பி.யின் கற்றல் தளத்திலேயே இலவசப் பாடங்கள் உள்ளன. டேட்டா சயின்ஸ் ஆசை விடவில்லை என்றால் ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். ஆன்லைன் பாடங்களைப் பார்க்கக் காசு இல்லை, தேர்வு எழுத மட்டும்தான் கட்டணம். ஒரு பட்டம் வேண்டும் என்றால் ஊரிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி இருக்கிறது; அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

மாதம் 4,000 ரூபாய் 'படிப்பு' என்று தனியே ஒதுக்குங்கள். ஆண்டுக்கு 48,000. நீங்கள் வாங்கப் பார்த்த கடனில் வட்டி மட்டுமே ஏறத்தாழ 55,000! இந்த 4,000-ல் தேர்வுக் கட்டணமும் வரும், மாதம் ஒருமுறை சென்னை போய்வரும் செலவும் வரும். ஆமாம், பல்லவன் ரயில் டிக்கெட்டும் படிப்புச் செலவுதான். காலையில் ஏறினால் மதியம் எழும்பூர். ஐந்தாறு வருடமாகத் திரையில் மட்டும் தெரியும் ஒருவரை, ஆள் குறைக்கும் பட்டியல் போடும்போது யாருக்கும் சட்டென்று ஞாபகம் வராது. கணக்குப் பிரிவு, ஸ்டோர்ஸ் ஆட்களோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

22,500-ல் இந்த 4,000 போக மீதி 18,500-க்கு வருவோம். கார் தவணையோடு சேர்த்து உங்கள் மாதச் செலவு 69,500. வேலை போனால் சமாளிக்க எட்டு மாதச் செலவு, அதாவது 5.56 லட்சம் கையில் இருக்க வேண்டும். உங்களிடம் 5.1 லட்சம் இருக்கிறது. இன்னும் 46,000 சேர்க்க மூன்று மாதம் போதும். இந்தப் பணத்தை மகள் படிப்புக்கென்று நினைக்காதீர்கள், இது வேறு.

அடுத்தது காப்பீடு. இதைத் தள்ளிப்போட வேண்டாம். கம்பெனிக் காப்பீடு வேலையோடு போய்விடும். வேலை இருக்கும்போதே சொந்தமாக ஒரு பாலிசி எடுங்கள். அப்பச்சி, ஆத்தாவுக்குத் தனியாக. ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குக் காத்திருப்புக் காலம், அதாவது அவற்றுக்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்காத காலம், அதிகபட்சம் 3 ஆண்டு. இன்று எடுத்தால் இன்றிலிருந்தே அந்தக் காலம் ஓடத் தொடங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

இவை முடிந்த பிறகு மிஞ்சுவதை மகள் பெயரில் சேருங்கள். கல்லூரிக்கு இன்னும் இரண்டு, இரண்டரை ஆண்டுதான் இருப்பதால் மாதாமாதம் கட்டும் வங்கி ஆர்.டி.யே போதும், பங்குச் சந்தைப் பக்கம் போக வேண்டாம். தங்கம் வேண்டும் என்கிற உங்கள் மனைவி, கடன் வாங்காமல் பணத்தை நிற்க வைக்கச் சொல்கிறார். அந்த அளவில் அவர் கணக்கு உங்கள் கணக்கைவிடச் சரி. ஆனால் நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம் போய்விடும், இரண்டே வருடத்தில் விற்க வேண்டியும் வரும்.

ஒருவேளை வேலை போனாலும், இன்றைய அடிப்படைச் சம்பளத்துக்கு 14 ஆண்டுக்கான கிராஜுவிட்டி சுமார் 3.88 லட்சம் வரும். கேட்டு வாங்க வேண்டிய தொகை அது, தெரிந்து வைத்திருங்கள்.

அப்புறம், கட்டிவிட்ட அந்த 5,000. திருப்பித் தரும்படி இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் கெஞ்சுவார்கள், சலுகை விலை நாளையோடு முடிகிறது என்பார்கள். பணம் வந்தால் சரி. வராவிட்டால் வாராக்கடன் என்று எழுதிவிடுங்கள். அந்த ஐந்தாயிரத்தைக் காப்பாற்றுவதற்காகக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.