ஸ்டோன் கோல்டும் உருளைக்கிழங்கும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறுவயதில் டிரம்ப் கார்டில் பார்த்து வியந்த அமெரிக்க மல்யுத்த வீரர் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினின் தொடக்க காலத்தைப் பற்றி அண்மையில் படித்தேன். பச்சை உருளைக்கிழங்கைத் தின்று வாழ்ந்த அந்தப் பசிதான் அவரை உருவாக்கியது என்று நம்புகிறேன். ஆனால் டிரிபிள் எச் என்ற இன்னொரு வீரர் மீது நிர்வாகம் கோபம் கொண்டதால்தான் 1996-இல் 'கிங் ஆஃப் த ரிங்' என்ற போட்டித்தொடரின் பட்டம் இவருக்கு வந்ததாம். எனில் புகழ் வெறும் அதிர்ஷ்டமா? நானும் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுத எண்ணியிருக்கிறேன்.

கதிர்

அன்புள்ள கதிர்,

முடிவு முன்பே தீர்மானிக்கப்படும் தொழிலில் ஒருவருக்கான தண்டனை இன்னொருவருக்கு வாய்ப்பாவது இயல்பு. அதை விட்டுவிடுவோம். பசி ஒருவரை உருவாக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை.

டாலஸ் நகரில் சரக்கு ஏற்றியிறக்கும் வேலை பார்த்துவந்த ஸ்டீவ் வில்லியம்ஸ் என்ற இளைஞர், 1989-இல் கிறிஸ் ஆடம்ஸ் என்ற மல்லரின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அதே பெயரில் வேறொரு மல்லர் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்ததால், டென்னசியில் டச் மேன்டெல் என்ற மூத்த மல்லர் அவருக்கு ஆஸ்டின் என்று பெயரிட்டார். அங்கே சில இரவுகளில் 20 டாலர்தான் கிடைத்தது என்று அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். அந்தக் கூலிக்கு அடிபட்டு விழுந்த மற்றவர்களின் பெயர்கள் உங்கள் சீட்டுக்கட்டில் இல்லையே, பசி அவர்களை ஏன் உருவாக்கவில்லை? அடிமாட்டுக் கூலி கொடுத்தவர்களின் கஞ்சத்தனத்துக்கு நீங்கள் ஏன் மாலை போடுகிறீர்கள்?

அவரை வளர்த்தது கூட்டம். திங்கட்கிழமை மெம்பிஸ், செவ்வாய் லூயிவில், புதன் எவன்ஸ்வில் என்று டென்னசிக் குழுவின் சுற்று வாரந்தோறும் அதே ஊர்களுக்குத் திரும்பும். சென்ற வாரம் பார்த்த முகங்களே மறுபடியும் முன்வரிசையில் இருக்கும் என்பதால், பழைய சண்டையும் பழைய வசவும் அங்கே செல்லுபடியாகாது. டாலஸில் தன் ஆசிரியரான ஆடம்ஸையே பகைவராக்கிக்கொண்டு மோதியபோதும் அவர் அத்தகைய கூட்டத்தின் முன்தான் நின்றார்.

1995-இல் கைத்தசை கிழிந்து ஓய்விலிருந்த அவரை டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற பெரிய மல்யுத்த நிறுவனம் தொலைபேசியிலேயே வேலையிலிருந்து நீக்கியது. மோத இயலாத நிலையிலும் பால் ஹேமன் அவரைத் தான் நடத்திய இ.சி.டபிள்யூ. என்ற சிறிய மல்யுத்த நிறுவனத்துக்கு அழைத்து மைக்கைக் கொடுத்தார். தன்னை நீக்கிய அதிகாரியைப் போலப் பேசிக் காட்டத் தொடங்கியவர், மெல்ல மெல்லத் தன் சொந்த ஆத்திரத்தைப் பேசக் கற்றுக்கொண்டார். மறு ஆண்டு ஜூன் 23 அன்று மில்வாக்கியில் நடந்த 'கிங் ஆஃப் த ரிங்' போட்டியில், அரையிறுதியில் கிழிந்த உதட்டுக்கு மருத்துவமனையில் தையல் போட்டுக்கொண்டு திரும்பிவந்து இறுதிச் சுற்றில் ஜேக் ராபர்ட்ஸை வீழ்த்தினார். ராபர்ட்ஸ் பைபிளைச் சொல்லிப் பேசியதாகக் கேள்விப்பட்டிருந்ததால், அந்த உதட்டோடு, பைபிளின் யோவான் 3:16 வசனத்தைக் கிண்டலாகத் திருப்பி, "ஆஸ்டின் 3:16" என்று அவரால் அங்கேயே பதில் சொல்ல முடிந்தது. அந்த நிமிடத்தை அதிர்ஷ்டம் என்று எப்படித் தள்ளுவீர்கள்?

என் நண்பர் ஒருவர் உங்களைப் போலவே பட்டினியில்தான் இலக்கியம் பிறக்கும் என்று நம்பி வேலையை விட்டார். குடற்புண்ணோடு ஊர் திரும்பிய பிறகு அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. எங்கள் எல்லோரையும்விட நன்றாக எழுதக்கூடியவர் அவர். ஆகவேதான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன்.

வேலையை விடாதீர்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். அடுத்த கதையை, பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே கொட்டாவி விடக்கூடிய நான்கு பேருக்கு வாசித்துக் காட்டிவிட்டு எனக்கு எழுதுங்கள்.