நன்னாரி மணக்கவில்லை, சோடா பொங்குகிறது: வாசகர் கேள்வி–பதில்

நன்னாரி வேரை அரை மணி நேரம் கொதிக்கவிட்டு சர்பத் காய்ச்சினேன். நிறம் வந்தது, மணம் வரவில்லையே?
– வாசகி, கும்பகோணம்

காய்ச்சும்போது வீடே மணத்திருக்கும். சர்பத்தில் தங்கியிருக்க வேண்டிய மணம் அதுதான், ஆவியோடு போய்விட்டது. நன்னாரியைக் கொதிக்கவிடவே கூடாது, ஊறத்தான் விட வேண்டும். வாசனை மேல்பட்டையில் இருக்கிறது. நடுவில் இருப்பது வெறும் கட்டை.

100 கிராம் வேரை மண் போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, உரலில் தட்டுங்கள். பட்டை கழன்று வரும், நடுக்கட்டையை எறிந்துவிடலாம். பட்டையை ஒன்றிரண்டாக இடித்து வையுங்கள். 1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கிய பிறகு பட்டையைப் போட்டு, இறுக மூடி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் துணியில் வடிகட்டி, தெளிந்ததை மட்டும் இறுத்தால் சுமார் 800 மில்லி தேறும். அதில் 1¼ கிலோ சர்க்கரை சேர்த்து, இளஞ்சூட்டில் கரையும்வரை கிளறி, கொதி வருமுன் இறக்குங்கள். ஆறியதும் ஒரு எலுமிச்சைச் சாறு. சர்க்கரை பூத்துப் படியாமல் இருக்க அது ஓரளவு உதவும்.

வீட்டுச் சர்பத் வெளிர் பழுப்பாகத்தான் இருக்கும், அதில் குறையில்லை. கருநிறம் வேண்டுமென்றால் 2 ஸ்பூன் சர்க்கரையைத் தனியே கருக்கிச் சேருங்கள். பாட்டிலில் சொட்டு ஈரமும் இருக்கக் கூடாது. ஈரக் கரண்டி பட்டால் பூசணம் பிடிக்கும். ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு டம்ளருக்கு 30 மில்லி சர்பத், அரை மூடி எலுமிச்சை, 150 மில்லி குளிர்ந்த நீர் கணக்கு.

எலுமிச்சை சோடாவில் உப்பு போட்டதும் பொங்கி வழிந்துவிடுகிறது. மிச்சமிருப்பதில் காரமே இல்லை.
– வாசகர், மயிலாடுதுறை

கரையாத உப்புத் துகளின் சொரசொரப்பில்தான் வாயு குமிழாகத் திரளும். அதனால் சோடாவில் உப்பைத் தூவினால் வாயு மொத்தமும் ஒரே மூச்சில் வெளியேறிவிடும். சர்க்கரையும் அப்படியே. இரண்டையும் முன்னதாகக் கரைத்துவிட வேண்டும்.

சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு எடுத்து, கரையும்வரை சூடாக்கிப் பாகு செய்யுங்கள். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். டம்ளரில் 15 மில்லி எலுமிச்சைச் சாறு, 2 சிட்டிகை உப்பு, 25 மில்லி பாகு விட்டு உப்பு கரையக் கலக்குங்கள். பிறகு ஐஸ். கடைசியாக 200 மில்லி சோடாவை, டம்ளரைச் சாய்த்து ஓரமாக ஊற்றுங்கள். ஸ்பூனை அடியில் விட்டு ஒரே ஒரு முறை மேலே தூக்கினால் போதும்; சுற்றிக் கலக்கினால் காரம் இறங்கிவிடும். சோடா நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சூடேறிய நீரில் வாயு நிற்காது. பாகும் சாறும்கூட ஃப்ரிட்ஜிலிருந்தே வரட்டும்.

எங்கள் போர் தண்ணீரில் கலக்கும் ஜூஸ் எதுவும் எடுப்பாக இல்லை. எத்தனை பழம் பிழிந்தாலும் சப்பென்றிருக்கிறது.
– வாசகி, நாகப்பட்டினம்

பழத்தைக் குறை சொல்லாதீர்கள். கடின நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, புளிப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கொதிக்கவைத்து ஆறவிட்டால் அது ஓரளவு அடியில் படியும். மேலே தெளிந்ததை எடுத்துக்கொள்ளலாம். கடலோரப் போர் தண்ணீரின் உப்போ காய்ச்சினாலும் போகாது. அதற்குக் குடிநீர்தான் வழி. ஐஸ் கட்டியையும் அதே குடிநீரில்தான் உறைய வைக்க வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ராமநவமிக்குத் தண்ணீர்ப் பந்தலில் 50 பேருக்குப் பானகம் வைக்கிறோம். அளவு சொல்லுங்கள்.
– வாசகர், திருவாரூர்

ஆளுக்கு 150 மில்லி என்றால் ஏழரை லிட்டர் வேண்டும். 1 கிலோ வெல்லம், 7 லிட்டர் தண்ணீர், 8 முதல் 10 எலுமிச்சை, 3 டீஸ்பூன் சுக்குப்பொடி, 20 ஏலக்காய், ஒரு கை துளசி. பச்சைக் கற்பூரம் ஒரு மிளகளவுக்கு மேல் வேண்டாம், கசந்துவிடும். சூடம் வேறு, இது வேறு. சூடம் விஷம், தவறியும் சேர்க்கக் கூடாது.

வெல்லத்தை முதலில் 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், மணல் இருக்கும். எலுமிச்சையைக் கொட்டை நசுங்கப் பிழிந்தால் உடனே தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துக் கசக்கும். எனவே கொட்டை நீக்கி, மென்மையாகப் பிழிந்து, பரிமாறும் முன்தான் சேர்க்க வேண்டும். ஈயம் பூசாத பித்தளை அண்டாவில் புளிப்பை ஊற்றவே கூடாது. எவர்சில்வர் போதும். ஐஸ் பாரைப் பானகத்துக்குள் போடாமல், பாத்திரத்தைச் சுற்றி அடுக்குங்கள். பானகமும் நீர்த்துப் போகாது, குடிக்கத் தகாத ஐஸும் உள்ளே கலக்காது.

தென்னந்தோப்பு இருக்கிறது. இளநீரில் விருந்தினருக்கு என்ன கலந்து கொடுக்கலாம்?
– வாசகி, பட்டுக்கோட்டை

200 மில்லி இளநீர், 10 மில்லி எலுமிச்சைச் சாறு, அரை டீஸ்பூன் தெளிந்த இஞ்சிச் சாறு, தோலுரித்து நறுக்கிய 2 நுங்கு. இஞ்சிச் சாற்றைப் பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் மாவு அடியில் தங்கிவிடும். சர்க்கரை வேண்டாம், இளநீரின் மெல்லிய ருசி அமுங்கிப் போகும். தண்ணீர் ஐஸுக்குப் பதில் இளநீரையே தட்டில் உறையவைத்துப் போடுங்கள். வெட்டி வைத்த இளநீர் நேரமானால் லேசாகச் சிவக்கும். காற்று படுவதே காரணம். எலுமிச்சை அதைத் தாமதப்படுத்தும்.

புதினாவை மிக்ஸியில் அடித்தால் கறுத்துக் கசக்கிறதே?
– வாசகி, மன்னார்குடி

ஒரு டம்ளருக்கு 8 இலை போதும். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போட்டாலே மணம் வரும். பச்சை நிறமும் வேண்டுமென்றால், இலைகளைக் கொதிநீரில் 10 விநாடி முக்கி எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, பிறகு குளிர்ந்த பாகோடு அரைத்து வடிகட்டுங்கள். எலுமிச்சை பட்டதும் பச்சை மங்கத் தொடங்கும் என்பதால் அதைக் கொடுக்கும் நேரத்தில்தான் பிழிய வேண்டும். இந்தப் பாகை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.