பத்துப் பேரிடம் பேசி எழுதுவது எப்படி உளவியல் ஆய்வாகும்?

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்குப் பண்புசார் முறையை எடுக்கச் சொல்கிறார் வழிகாட்டி. முந்நூறு பேரிடம் வினாத்தாள் கொடுத்துக் கணக்குப் போடுவதை விட்டு, பத்துப் பேரிடம் பேட்டி எடுத்து எழுதினால் அது கதை மாதிரி ஆகிவிடாதா? இதனால் உண்மையில் என்ன பயன்?

பதில்:

படிக்கும்போது எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. குடியாத்தம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில்தான் அது தீர்ந்தது. அதிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் பக்கம் பீடி சுற்றுகிற வீடு இல்லாத தெரு குறைவு. மடியில் முறம், அதில் ஒரே அளவாக வெட்டிய இலை, ஓரத்தில் தூள், பக்கத்தில் நூல். பேசிக்கொண்டே, டிவி பார்த்துக்கொண்டே, பேரனை அதட்டிக்கொண்டே கை ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் பெண்களிடம் மனச்சோர்வு எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் என் ஆய்வு. பிஎச்க்யூ-9 வினாத்தாளின் தமிழ் வடிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கமாக வைக்கும் வரம்பு.

முதல் கேள்வியைக் கேட்டேன். "ஆயா, போன ரெண்டு வாரத்துல, செய்யற காரியத்துல ஆர்வமோ சந்தோஷமோ இல்லாம இருந்துச்சா?"

"இதுல ஆர்வம் இன்னாமா இருக்குது? செஞ்சாத்தான் சோறு. ஆர்வம் இல்லன்னா உட்டுட முடியுமா?"

0 போட்டேன். தூக்கம்? "வயசானா தூக்கம் கொறயாதா?" 0. அசதி? "வேல செஞ்சா அசதி வராதா?" அதற்கும் 0. மொத்தம் 3 வந்தது. நலமாக இருக்கிறார் என்று தாளை மூடினேன்.

கிளம்புவதற்கு முன் மரியாதைக்காகக் கேட்டேன்: "சரி ஆயா, நேத்து பொழுது எப்படிப் போச்சு?" அவர் காலையிலிருந்து தொடங்கவில்லை, இராத்திரி இரண்டு மணியிலிருந்து தொடங்கினார். "ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடும். அப்புறம் தூக்கம் ஏது. விடியற வரிக்கும் யோசனதான்."

"இன்னா யோசன ஆயா?"

கை நின்றது. முக்கால் மணி நேரத்தில் முதல் தடவை. பாதி சுருட்டிய இலை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அப்படியே இருந்தது. பிறகுதான் மகன் வாங்கிய கடன், குழுவில் இவர் பெயரில் எடுத்த கடன், மருமகளோடு பேச்சு நின்றுபோனது எல்லாம் வந்தது. கடைசியில், "நான் இருந்து இன்னா ஆவப்போவுது" என்றார். (கேட்டதோடு நான் விட்டுவிடவில்லை. வழிகாட்டியிடம் சொல்லி, அந்த வாரமே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். பேட்டிக்குக் கிளம்பும் யாரும் இதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து வைத்திருக்க வேண்டும்.)

இப்போது அந்த 3 மதிப்பெண்ணைப் பாருங்கள். ஆயா என் கேள்விகளுக்கு "இல்லை" என்று சொல்லவே இல்லை. "இது ஒரு கேள்வியா?" என்றுதான் திருப்பிக் கேட்டார். நான் அதை 0 என்று எழுதிக்கொண்டேன். இப்படியே முந்நூறு பேரிடம் கேட்டிருந்தால் பிழை குறைந்திருக்காது. எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சாய்ந்து, "பீடித் தொழிலாளர்களிடம் மனச்சோர்வு குறைவு" என்று அழகான அட்டவணையில் உட்கார்ந்திருக்கும். வினாத்தாள் கெட்டது என்று நான் சொல்லவில்லை. உலகமெங்கும் நன்றாகப் பயன்படுகிற கருவிதான் அது. ஆனால் எதை எண்ணுகிறோம் என்று தெரிந்த பிறகுதான் எண்ண முடியும். அதைத் தெரிந்துகொள்ளும் வேலையைச் செய்வது பண்புசார் ஆய்வு. என்னைப் பொறுத்தவரை அதன் முதல் பயனும் பெரிய பயனும் இதுதான்.

ஜிம்பாப்வேயில் இது ஒரு நாட்டின் மருத்துவத்தையே தொட்டிருக்கிறது. அங்கே ஷோனா மொழி பேசுகிறவர்கள் மனவேதனையைக் 'குஃபுங்கிசிசா' என்கிறார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். அதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது, நம் ஆயா சொன்ன அதே 'யோசன'! 1990களில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் அவரோடு வேலை செய்தவர்களும், மக்கள் தங்கள் துன்பத்தை என்னென்ன சொல்லால் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டு, அந்தச் சொற்களிலிருந்தே 14 கேள்விகள் கொண்ட வினாத்தாளை உருவாக்கினார்கள். அதன் முதல் கேள்வியே ஆழ்ந்து யோசிப்பதைப் பற்றியது. பின்னால் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய 'நட்பு பெஞ்சு' திட்டத்திலும் அதே வினாத்தாள்தான். சுகாதார நிலையத்து வளாகத்தில் பெஞ்சைப் போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஹராரேயில் 24 சுகாதார நிலையங்களில் 573 பேரை வைத்து நடந்த பரிசோதனையின் முடிவு 2016இல் வந்தது. ஆறு மாதம் கழித்து, பெஞ்சுக்கு வந்தவர்களின் அறிகுறிகள் மற்றவர்களை விடத் தெளிவாகக் குறைந்திருந்தன. பேச்சில் தொடங்கி, எண்ணில் நிரூபித்து, சிகிச்சையில் முடிந்திருக்கிறது. இரண்டு முறைகளும் ஒன்றுக்கொன்று போட்டி என்று நினைக்கிறவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

குழந்தை உளவியலாளர் பியாஜேயின் கதையும் இப்படித்தான். 1920 வாக்கில் பாரீசில் குழந்தைகளுக்கான அறிவுச் சோதனையைத் தரப்படுத்தும் வேலை அவருக்கு. சரியான விடைக்கு மதிப்பெண் போட்டால் போதும். அவரோ தவறான விடை சொன்ன குழந்தைகளிடம் உட்கார்ந்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சி பற்றி நாம் படிக்கிற பாடம் அந்தப் பேச்சிலிருந்துதான் முளைத்தது.

வேலூருக்கு வருவோம். ஆர்தர் கிளெய்ன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் நோயாளியிடம் கேட்கச் சொன்ன சில கேள்விகள் உண்டு: உங்கள் பிரச்சினைக்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் அப்போது தொடங்கியது? எதை நினைத்து அதிகம் பயப்படுகிறீர்கள்? இந்தப் பாதையில் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மருத்துவர்களும் இங்கே ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். அவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களை ஒரே நேரத்தில் நம்புகிறார் என்பது. செய்வினை என்றும் சொல்வார், நோய் என்றும் சொல்வார், மாத்திரையும் சாப்பிடுவார், மந்திரித்த கயிறும் கட்டுவார். "நோய் என்று நம்புகிறீர்களா? ஆம் / இல்லை" என்று கேட்டால் இதில் பாதி தொலைந்துவிடும். பாகாயத்தில் உள்ள அவர்களது மனநல மையத்தில் குடும்பத்தினர் நோயாளியோடு தங்கியிருப்பது பல காலமாக இருக்கும் வழக்கம். மகனோடு தங்கிய ஒரு தாய் அந்த நாட்களில் எதைக் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார் என்பதை அவரைப் பேச விட்டால்தான் அறிய முடியும்.

சரி, "கதை ஆகிவிடாதா" என்ற பயத்துக்கு வருகிறேன். நல்லதாகத் தோன்றும் நாலு வாக்கியத்தைப் பொறுக்கிப் போட்டால் ஆகிவிடும், சந்தேகமே இல்லை. நான் என் ஆய்வை மாற்றி 14 பேட்டிகள் எடுத்தேன். ஒவ்வொன்றையும் வரிவரியாகப் படித்து, 'யோசனை' வந்த இடத்திலெல்லாம் 'கவலை' என்று குறியீடு, அதாவது அந்த வரி எதைப் பற்றியது என்று காட்டும் சிறு பெயர், போட்டுக்கொண்டே போனேன். ஏழாவது பேட்டியில் ஏதோ இடறியது. திரும்பப் போய்ப் பார்த்தால் இரண்டு விதமாகப் பேசியிருக்கிறார்கள். பகலில், தவணை கட்டுவதைப் பற்றி: "யோசன பண்றேன்." இரவில்: "யோசனயா இருக்குது", "யோசன வந்துடுது." முன்னதில் செய்கிறவர் அவர்தான். பின்னதில் யோசனை தானாக வந்து அவர்மேல் உட்காருகிறது. முன்னது திட்டமிடல், பின்னதுதான் நோய்ப் பக்கம் போகிறது. ஆறு பேட்டிகளுக்கும் குறியீட்டைக் கலைத்துத் திரும்பப் போட்டேன்.

பிறகு என் முடிவுக்கே எதிரான ஒருவர் வந்தார். பீடி வேலைதான் இவர்கள் மனதை அரிக்கிறது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அவர் சொன்னார்: "கை ஓடினா யோசன ஓடிப்போவும்மா. முறத்த கீழ வெச்சாதான் வரும்." எதிர்ச்சான்று கிடைத்தால் அதை ஒளிக்காமல், அதற்கு இடம் கொடுக்கும்படி முழு விளக்கத்தையும் மாற்றி எழுத வேண்டும் என்பது இந்த முறையின் கட்டாயம். எந்த வரிக்கு என்ன குறியீடு போட்டேன், எப்போது, ஏன் மாற்றினேன் என்று குறிப்பேடு வைத்திருந்தேன். வேறொருவர் அதைப் பிடித்துக்கொண்டு நான் வந்த வழியில் திரும்ப நடந்து பார்க்கலாம். கதை எழுதுகிறவரிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

பத்துப் பேர் போதுமா? கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கானாவிலும் நைஜீரியாவிலும் எடுத்த 60 பேட்டிகளை அலசி 2006இல் எழுதினார்கள். முதல் 12 பேட்டிகளுக்குள்ளேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன. ஆனால் பேசுகிறவர்கள் ஓரளவு ஒரே மாதிரியானவர்களாகவும், கேட்கும் விஷயம் குறுகலாகவும் இருந்தால்தான் இது பொருந்தும். குடியாத்தத்துப் பீடிக்காரப் பெண்களையும் ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை ஆட்களையும் ஒரே பன்னிரண்டில் அடக்கப் பார்க்காதீர்கள்.

இந்த முறையால் முடியாததும் உண்டு. வேலூர் மாவட்டத்தில் எத்தனை சதவீதம் பேருக்கு மனச்சோர்வு என்று என் 14 பேட்டிகள் சொல்லாது. ஒரு சிகிச்சை பலித்ததா என்று தீர்ப்பும் சொல்லாது. இரண்டுக்கும் எண்தான் வேண்டும். உங்கள் கேள்வி "எத்தனை" என்று தொடங்கினால் வழிகாட்டியிடம் தைரியமாகச் சொல்லி வினாத்தாளுக்கே போங்கள்.

"எப்படி", "என்னவாக" என்று தொடங்கினால், இந்த வாரமே ஒரே ஒருவரிடம் முன்னோட்டப் பேட்டி எடுங்கள். ஒலிப்பதிவை நீங்களே உட்கார்ந்து எழுத்தாக்குங்கள், மென்பொருளிடம் விடாதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். "இன்னா", "வந்துக்கினு" எதையும் திருத்தாமல், அவர் சொன்னபடியே எழுதுங்கள். பேச்சு நின்ற இடத்தையும் எழுதுங்கள். ஆயாவின் பேட்டியில் நான் முதலில் விட்டுப்போய், பிறகு பேனாவால் ஓரத்தில் சேர்த்த வரி இது: 'இன்னா யோசன ஆயா?' (மௌனம், 11 விநாடி. கை நின்றது.)