ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்கிறார்கள், ஆனால் கழுத்தும் தோளும் வலிக்கின்றன. இது மனப்பிரமையா?

மனப்பிரமை இல்லைங்க. இதே வார்த்தையை நானும் இரண்டு வருடம் கேட்டவள், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நாள் முழுக்க கம்ப்யூட்டர், வலது தோள் வலி, ஸ்கேன் நார்மல் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். என்னைப்போல் கணக்கு வேலையாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ். மணிக்கட்டு மெஷின்மேல் பட்டாலே எங்கள் இன்ஸ்டிடியூட் சார் ஸ்கேலால் தட்டுவார். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், முழங்கை உடம்பை விட்டு விலகக் கூடாது. ஆகவே உட்காரத் தெரியாமல் உட்கார்ந்து வலியை வரவழைத்துக்கொண்டேன் என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு வேலை கூடிப்போனது. நிட்டிங், டையிங், பிரிண்டிங் என்று வெளி யூனிட்டில் கொடுத்துச் செய்கிற ஜாப் ஒர்க் பில் ஒவ்வொன்றையும் வரி பிரித்து டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் ஏற்ற வேண்டும். அடுத்த வருடம் தீபாவளி வாக்கில் கழுத்துக்கும் வலது தோளுக்கும் நடுவில் கல்லை வைத்து அமுக்குகிற மாதிரி ஆரம்பித்தது. போகப்போக, கையைத் தூக்கித் தலை பின்ன முடியவில்லை. மகள்தான் பின்னிவிட்டாள்.

ஒரு டாக்டர் வயசு என்றார். எனக்கு அப்போது 36. இன்னொருவர் வீட்டில் ஏதாவது டென்ஷனா என்றார். ஸ்கேனில் கழுத்து வட்டு (டிஸ்க்) லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று வந்ததும் மூன்றாமவர் கழுத்துக்குப் பட்டை போடச் சொன்னார். “ஃபேனுக்கடியில உக்காந்து பட்டன் தட்டறதுக்கு வலிக்குமா கண்ணு?” என்று மாமியார் கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கீழே பவர் டேபிளில் தைக்கிறவர்களின் முதுகு வலியைவிட என்னுடையது பெரிது என்று நானும் சொல்லவில்லை. ஆனால் வலி வலிதானே.

கடைசியில் ஒரு பிசியோதெரபிப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள், “அக்கா, ஆபீஸ்ல நீங்க வேலை செய்யறப்ப ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க” என்றாள். இரண்டு வருடத்தில் என் மேஜையைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

போட்டோவில் எல்லாம் தெரிந்தது. பில் கட்டு இடது பக்கம் மேஜையில் படுத்துக் கிடக்கிறது. நான் தலையைக் குனிந்து திருப்பிப் பார்க்கிறேன். தலையின் எடை சுமார் 5 கிலோ. அதைக் குனிந்த நிலையில் தாங்குவது பின்கழுத்துத் தசை. நம்பர் பேட் உள்ள நீளக் கீபோர்டு என்பதால் மவுஸ் வலது பக்கம் தள்ளிப் போய்விட்டது, கை எட்டியபடியே இருக்கிறது. அந்தக் கையின் கனம் முழுக்கத் தோள்பட்டைத் தசையில். பளு எதுவும் தூக்காவிட்டாலும் தசைக்கு ஓய்வே இல்லை. விடாமல் இறுகியிருக்கும் தசையில் ரத்த ஓட்டம் குறையும், அதுதான் வலி என்றாள். இது ஸ்கேனில் தெரியாதாம். வட்டு பிதுங்குவதோ வலியே இல்லாதவர்களுக்கும் சகஜமாம். அதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பட்டையும் பயமும் மிச்சம்.

சாமி புத்தகம் வைத்துப் படிக்கிற மடக்குப் பலகையை வீட்டிலிருந்து கொண்டுபோய் மானிட்டர் பக்கத்தில் நிறுத்தி, பில்லை அதில் வைத்தேன். மவுஸை இடது கைக்கு மாற்றினேன். பழக இரண்டு வாரம் ஆனது. நூல் கோன் வந்த அட்டைப்பெட்டி காலுக்கு. அரை மணிக்கொரு தடவை எழுந்து நடப்பேன். அவள் சொல்லிக்கொடுத்த தோள் பயிற்சியை இன்றுவரை விடவில்லை. மூன்று மாதத்தில் முக்கால்வாசி வலி போனது.

மீதிக்கு என்ன காரணம் என்றால், 20ஆம் தேதி. 3பி என்கிற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்ய எங்களுக்கு அதுதான் கடைசி நாள் என்று எல்லா ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும் தெரியும். ஆனாலும் 18ஆம் தேதி ராத்திரி கசங்கிய பில்லைக் கலங்கலாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஜிஎஸ்டி நம்பரில் எட்டா மூன்றா என்று போனை மூக்குக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. மகள் பள்ளிக்கூட மீட்டிங்கும் அந்த வாரத்தில்தான் வரும், ஒன்றுக்கும் போனதில்லை. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் அந்த மூன்று நாளில் போன வலி திரும்ப வருகிறது, அதனால் சொன்னேன்.

நான் டாக்டர் இல்லை. கை மரத்துப்போவது, பிடித்த சாமான் நழுவுவது, நடையில் தள்ளாட்டம் இதெல்லாம் இருந்தால் என் பலகைக் கதையை விட்டுவிட்டு உடனே நரம்பு டாக்டரிடம் போங்கள். அதெல்லாம் இல்லையென்றால் பக்கத்து சீட்டுக்காரரிடம் போனைக் கொடுத்து உங்களைப் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல், உங்களிடம் சொல்லாமல் எடுக்கட்டும். காலையில் எடுத்தால் எல்லோரும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருப்போம்.